இடியப்பத்தில் என்ன வெட்கம்?

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். கோபத்தில் எழுதவில்லை என்று சொன்னால் அது பொய். முந்தாநாள் இரவு எங்கள் போட்டிக் குழுவின் பெற்றோர் வட்ஸ்அப் குறூப்பில் நடந்ததைப் பார்த்துவிட்டு ஒரு நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்று சுபஹுக்குப் பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். பாடசாலை மாணவர்களுக்கான சமூகத் தொழில்முயற்சிப் போட்டி ஒன்றுக்கு எங்கள் கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள் ஐந்து பேர் தயாராகிறார்கள். மக்களுக்கு இருக்கும் ஒரு பிரச்சினையை எடுக்க வேண்டும். அதைத் தீர்க்கிற, தன் காலில் நிற்கிற ஒரு தொழிலை வகுக்க வேண்டும். நடுவர்களுக்கு முன்னால் பத்து நிமிடம் விளக்க வேண்டும். மூன்று மொழியில் எதிலும் பேசலாம் என்று விதியிலேயே இருக்கிறது.

குறூப்பில் வந்த முதல் மெசேஜ்: "மிஸ், அந்தப் புள்ளைக்கு இங்லிஷ் சரியா வராது. இன்னும் டைம் ஈக்கிதானே, வேற புள்ளை ஒண்டப் போடுங்க." அதற்கு ஏழெட்டுப் பேர் பெருவிரல் காட்டினார்கள். இரண்டாவது மெசேஜ்: "மத்த ஸ்கூல் புள்ளைகள் எப், ஏஐ எண்டு கொண்டு வாராங்க. நம்மட புள்ளைகள் இடியப்பத்தத் தூக்கிக்கொண்டு போறதா? வெட்கம் இல்லையா?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளையையும் மாற்ற மாட்டேன். இடியப்பத்தையும் மாற்ற மாட்டேன்.

ஏன் என்று சொல்வதற்கு முன் என் குற்றத்தை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். போன வருடம் இதே போட்டிக்கு இன்னொரு குழுவை நான்தான் கொண்டுபோனேன். தலைப்பு குப்பை. யோசனை என்னுடையது. இங்கிலீஷ் வசனம் நான் எழுதி, எனக்குத் தெரிந்த ஒருவர் திருத்தித் தந்தது. ஸ்லைடை ஒரு பிள்ளையின் மாமா தன் ஒஃபிஸ் ஆளை வைத்துச் செய்து தந்தார். பிள்ளைகள் செய்தது மனப்பாடம் மட்டும். "முதல் வருடத்தில் பத்தாயிரம் பாவனையாளர்கள்" என்று ஒரு வரி இருந்தது. அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. எழுதியவள் நான்.

ஒரு நடுவர், வயதானவர், மிகவும் மென்மையாக ஒரு கேள்வி கேட்டார்: "மகள், உங்கட வீட்டுக் குப்பை எங்க போகுது?"

ஐந்து பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எங்கள் பாடசாலையிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் புளூமெண்டால் குப்பைமேடு இருந்தது. அது மூடப்பட்ட பிறகு கொழும்பின் குப்பை மீதொட்டமுல்லைக்குப் போனது. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு தினத்தில், அந்த மலை வீடுகள்மேல் சரிந்து முப்பதுக்கும் அதிகமானவர்கள் மௌத்தானார்கள். அதன் பிறகு குப்பையைப் புத்தளம் அறுவைக்காட்டுக்குக் கொண்டுபோகும் திட்டத்துக்கு எதிராக 2018இல் புத்தளம் மக்கள் மாதக்கணக்கில் வீதியில் இருந்து போராடினார்கள். அந்த ஐந்து பேரில் ஒரு பிள்ளையின் உம்மம்மா வீடு புத்தளத்தில். ஆனால் எங்கள் ஸ்லைடில் இருந்த குப்பைமேட்டின் படம் இன்டர்நெட்டில் எடுத்த ஏதோ ஒரு வெளிநாட்டுப் படம்.

தோற்றதில் எனக்குக் கவலை இல்லை. அந்தப் பிள்ளைகளை அப்படி நிற்க வைத்ததில்தான் கவலை. அவர்களுக்குத் தெரிந்ததைப் பேச விடாமல், எனக்கே தெரியாததைப் பேச வைத்தேன். கல்வியியல் கல்லூரியில் பிள்ளை மையக் கற்பித்தல் என்று பக்கம் பக்கமாக எழுதிப் பாஸ் பண்ணியவள் நான். மேடை என்று வந்ததும் பிள்ளையை ஓரமாக வைத்துவிட்டு நானே நடுவில் நின்றுவிட்டேன்.

அதனால் இந்த வருடம் ஒரு முடிவு எடுத்தேன். முதல் நான்கு வாரம் ஸ்லைடும் இல்லை, யோசனையும் இல்லை. கொப்பியும் பேனையும் மட்டும். பாடசாலை விட்ட பிறகு இரண்டு இரண்டு பேராகப் போய் தங்கள் ஒழுங்கையில் உள்ளவர்களிடம் "உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்க வேண்டும். பதில் சொல்லக் கூடாது. கேட்டு எழுத வேண்டும்.

இடியப்பம் அங்கிருந்துதான் வந்தது. நான் சொல்லிக் கொடுத்ததல்ல.

கொட்டாஞ்சேனையில் ஒழுங்கைக்கு நாலைந்து வீட்டில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார்கள். இரவில் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிப்போகிறோமே, அது ஏதோ ஒரு தாயின் கை. பிள்ளைகள் ஒரு வீட்டில் உட்கார்ந்து கணக்கு எழுதினார்கள். மா, காஸ், உப்பு, பை, கடைக்குக் கொண்டுபோகிற பையனுக்குக் கொடுப்பது. எல்லாம் எழுதி முடித்ததும் ஒரு பிள்ளை கேட்டாள்: "உங்கட கூலி எவ்வளவு போடுறது?" அந்தத் தாய் சிரித்தாராம். "எனக்கு என்ன கூலி மகள், வீட்டிலதானே ஈக்கிறேன்."

பகல் சாப்பாடு முடிந்ததும் மா குழைக்கத் தொடங்கினால் மஃரிப் வரைக்கும் அடுப்படியில். அத்தனை மணித்தியாலத்துக்கும் மிகச் சிறிய கூலி ஒன்றைப் போட்டுப் பார்த்தார்கள். கணக்கு நட்டத்தில் நின்றது. நான் பத்து வருடமாக வணிகக் கல்வியும் கணக்கீடும் படிப்பிக்கிறேன். ஆக்கச் செலவு என்ற பாடத்தை இதைவிட நன்றாக நான் ஒருநாளும் படிப்பித்ததில்லை.

பிறகு இன்னொரு பிள்ளை ஒரு கேள்வி கேட்டாள். மற்ற நாலு பேருக்கும், எனக்கும் கூட வராத கேள்வி. "கடையில விக்காம மிஞ்சினா அது யாருக்கு நட்டம்?"

தாய்க்குத்தான். மிஞ்சிய இடியப்பத்தைக் கடைக்காரர் அடுத்த நாள் திருப்பி அனுப்புகிறார். விற்றதற்கும் அன்றைக்கே காசு இல்லை, கிழமைக் கடைசியில். சில நேரம் அதுவும் இல்லை. லாபம் கடைக்கு, ஆபத்து அடுப்படிக்கு.

இந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளைதான் குறூப்பில் நீங்கள் மாற்றச் சொன்ன பிள்ளை. அவளுக்கு அந்தக் கேள்வி எப்படி வந்தது என்றால், அவளுடைய உம்மாவும் இடியப்பம் அவிக்கிறவர். திரும்பி வந்த இடியப்பத்தைக் காலையில் சாப்பிட்டுவிட்டுப் பாடசாலைக்கு வருகிற பிள்ளை அவள். இதை அவளிடமும் உம்மாவிடமும் கேட்டு, அவர்கள் "எழுதுங்க மிஸ்" என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

இப்போது சொல்லுங்கள். இந்தக் குழுவில் இருக்கத் தகுதி உள்ளவர் யார்?

சமூகத் தொழில்முயற்சி என்றால் பெரிய இங்கிலீஷ் வார்த்தை என்று நினைத்துப் பயப்படுகிறோம். அது ஒன்றும் புதிதல்ல. மதுரையில் டொக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி அரசாங்க வேலையில் ஓய்வு பெற்று, 58 வயதில், 1976இல் 11 கட்டில்களோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். காசு கொடுக்கக்கூடியவர் கொடுக்கிறார். அந்த வருமானத்தில் இயலாதவருக்கும் ஒப்பரேஷன் நடக்கிறது. கண்ணுக்குள் வைக்கும் வில்லை வெளிநாட்டிலிருந்து வாங்கினால் விலை கட்டாது என்றபோது, 1992இல் தாங்களே தயாரிக்கத் தொடங்கினார்கள். யாழ்ப்பாணத்தில் மூளாய் மக்கள் 1930களிலேயே கூட்டுறவாகச் சேர்ந்து வைத்தியசாலை நடத்தினார்கள். வெள்ளவத்தையில் இருக்கும் யாழ்ப்பாணத்துப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். அவ்வளவு தூரம் ஏன்? எங்கள் உம்மாமார் ஒழுங்கைக்குள் பிடிக்கிற சீட்டு என்ன? பேங்க் கதவைத் திறக்காத பெண்கள் தங்களுக்குள் நடத்துகிற பேங்க் அது.

"இடியப்பமா?" என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு கதை. சிட்டகொங் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படிப்பித்த முஹம்மத் யூனுஸ், 1974 பஞ்சத்துக்குப் பிறகு, வகுப்பறையில் தான் சொல்கிற தத்துவங்களுக்கும் வெளியே பசியில் கிடக்கிற மனிதனுக்கும் சம்பந்தமில்லை என்று உணர்ந்து பக்கத்துக் கிராமமான ஜோப்ராவுக்குப் போனார். அங்கே ஒரு பெண் மூங்கில் ஸ்டூல் பின்னுகிறார். மூங்கில் வாங்கக் காசில்லை. வியாபாரியிடம் கடனுக்கு வாங்கி, பின்னியதை அந்த வியாபாரிக்கே அவர் சொல்லும் விலைக்குக் கொடுக்க வேண்டும். நாள் முழுக்க உழைத்துக் கையில் மிஞ்சுவது 50 பைசா. அதே மாதிரிச் சிக்கியவர்கள் எத்தனை பேர் என்று கிராமத்தில் விசாரித்துப் பட்டியல் எடுத்தார்கள். 42 பேர். மொத்தக் கடன் 856 டாக்கா, அன்றைய கணக்கில் சுமார் 27 டொலர். கிராமீன் வங்கி அங்கிருந்துதான் பிறந்தது. 2006இல் நோபல் பரிசு.

மூங்கில் ஸ்டூலுக்கும் இடியப்பத்துக்கும் என்ன வித்தியாசம்? ஒன்று பங்களாதேஷில் நடந்தது, நோபல் கிடைத்தது, அதனால் மரியாதை. மற்றது ஆட்டுப்பட்டித்தெருவுக்குப் பின்னால் நடக்கிறது, அதனால் வெட்கம். அவ்வளவுதான்.

இந்தக் கதையின் மறுபக்கத்தையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அதே நுண்கடன் என்ற பெயரில் நமது நாட்டில் கம்பனிகள் கிழமைக்குக் கிழமை வாசலில் நின்று வட்டி அறவிட்டு எத்தனையோ பெண்களை நடுத்தெருவில் விட்டன. 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் கொடுக்க வேண்டி வந்தது. எனவே "ஏழைக்கு உதவி" என்ற பலகையைப் பார்த்து மயங்க வேண்டாம், கடைசியில் காசு யார் பொக்கற்றுக்குப் போகிறது என்று கேளுங்கள் என்றேன். பிள்ளைகள் அதைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். எந்த ஸ்லைடையும் விட அந்த ஒரு பக்கம் எனக்குப் பெரிது.

அடுத்தது இங்கிலீஷ். நான் இங்கிலீஷுக்கு எதிரி இல்லை. என் பிள்ளைகள் நன்றாக இங்கிலீஷ் பேச வேண்டும், அதற்கு வருடம் முழுக்க உழைக்க வேண்டும். ஆனால் போட்டிக்கு மூன்று கிழமை இருக்கும்போது பாடமாக்கி ஒப்புவிப்பது இங்கிலீஷ் படிப்பதல்ல. அது கிளிப்பிள்ளைக்குச் சட்டை போடுவது. கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் பாடசாலையை இடையில் விட்டவர். மனைவி மாதவிடாய்க்குப் பழைய துணி பாவிப்பதைப் பார்த்து, குறைந்த செலவில் நாப்கின் செய்யும் மெஷினை உருவாக்கி, பெண்கள் குழுக்களுக்குக் கொடுத்தவர். பரிசோதிக்க ஆள் கிடைக்காமல், உதைபந்துப் பிளேடரில் ஆட்டு ரத்தம் நிரப்பித் தன் உடம்பில் கட்டிக்கொண்டு திரிந்தவர். 2012இல் பெங்களூரில் டெட் மேடையில் உடைந்த இங்கிலீஷில்தான் பேசினார். சபை சிரித்தது, கைதட்டியது. இலக்கணத்துக்கா கைதட்டினார்கள்? 2016இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அதுவும் இலக்கணத்துக்கல்ல.

தமிழில் பேசலாம் என்று போட்டி நடத்துபவர்களே அனுமதித்திருக்கும்போது, வேண்டாம் என்று தடுப்பது யார்? நாம். நம் மொழிக்கு மேடையில் இடம் இல்லை என்று மற்றவர்களைக் குறை சொல்லுகிறோம். கிடைத்த இடத்தையும் நாமே காலி பண்ணிக் கொடுக்கிறோம்.

அடுத்தது விலைக்கு வாங்குகிற ஸ்லைட். இந்த மாதம் வெள்ளவத்தையில் ஒருவர் என்னிடம் மூன்று பெக்கேஜ் சொன்னார். ஸ்லைட் மட்டும். ஸ்லைடும் வசனமும். ஸ்லைடும் வசனமும் நடுவர் கேட்கக்கூடிய கேள்விகளுக்குப் பதிலும். "எல்லாரும் செய்றாங்க மிஸ்" என்றார். ஓ.எல். பரீட்சையில் பிள்ளைக்குப் பதிலாக இன்னொருவர் எழுதினால் அதற்குப் பெயர் என்ன? இதற்கு மட்டும் ஏன் "சப்போர்ட்" என்று பெயர்? பிள்ளைக்குப் பொய் சொல்லாதே என்று வீட்டில் சொல்கிறோம். பிறகு செய்யாத வேலையைச் செய்தேன் என்று மைக்கில் சொல்ல வைத்து, அதை வீடியோ எடுத்து மாஷா அல்லாஹ் போடுகிறோம்.

"அப்ப வெல்லத் தேவையில்லையா?" என்று ஒரு தந்தை கேட்டார். நியாயமான கேள்வி. வெல்ல வேண்டும், எனக்கும் ஆசைதான். ஆனால் பெரிய மேடைகளில் வெல்பவர்கள் எப்படி வெல்கிறார்கள் என்று பாருங்கள். நமது பல்கலைக்கழகங்களிலும் சுற்றுகள் நடக்கிற ஹல்ட் பிரைஸ், பத்து லட்சம் டொலர் பரிசு. 2017இல் அதை வென்றது அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் நான்கு மாணவர்கள். பாகிஸ்தானியக் குடும்பத்துப் பிள்ளைகள். ரொக்கெட் கண்டுபிடிக்கவில்லை. கராச்சியின் ஓரங்கியில் உள்ள ஏழை மக்கள் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் எப்படிப் போய் வருகிறார்கள் என்று பார்த்தார்கள். ரிக்‌ஷாவை வைத்து ஒரு போக்குவரத்துச் சேவையை வகுத்தார்கள். ரிக்‌ஷா! நமது பாஷையில் திரீவீல். அதைச் சொல்ல அவர்கள் வெட்கப்படவில்லை.

அதே ஓரங்கியில் 1980இல் அக்தர் ஹமீத் கான் என்ற பெரியவர் ஒரு வேலையைத் தொடங்கினார். கல்லூரி அதிபராக இருந்தவர். சாக்கடை தெருவில் ஓடுகிறது, அரசாங்கம் வரும் என்று மக்கள் காத்திருக்கிறார்கள். அவர் ஒழுங்கை ஒழுங்கையாக உட்கார்ந்து பேசினார். வீடுகள் சேர்ந்து தங்கள் காசிலேயே தங்கள் ஒழுங்கைக்குக் கான் போட்டுக்கொண்டன. அவர் கொடுத்தது தொழில்நுட்ப உதவியும் நம்பிக்கையும். ஒரு ஆசிரியரின் வேலை அதுதான் என்று நினைக்கிறேன்.

இன்னொருவர் எழுதினார்: "அந்தப் பொம்பளைகளுக்கு ஸகாத் குடுத்தாச் சரிதானே, என்னத்துக்கு இவ்வளவு?" ஸகாத் கடமை. அதைக் கொடுப்போம். ஆனால் அந்தத் தாய்மார் கேட்பது ஸகாத் அல்ல. விற்ற பொருளுக்கு அன்றைக்கே காசு. தொழிலாளியின் வியர்வை உலர முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. கிழமைக் கணக்கில் காசை இழுத்துவிட்டு ரமழானில் அரிசிப் பை கொடுப்பது எந்தக் கணக்கு?

பிள்ளைகளின் திட்டம் பெரிதல்ல. நாலு தாய்மார் சேர்ந்து மாவை மொத்தமாக வாங்குவது. ஒரே விலை சொல்வது. மிஞ்சுவதில் பாதி நட்டம் கடைக்கு. காசு அன்றிரவே. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, சீட்டு மாதிரி ஒரு கைமுதல். மூன்று கிழமையாகச் செய்து பார்க்கிறார்கள். இரண்டு கடைக்காரர் சம்மதித்தார்கள், அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். ஒருவர் "அப்படியெண்டா எனக்கு உங்கட இடியப்பம் வேணாம்" என்றுவிட்டார். அதில் பயந்து ஒரு தாய் விலகிவிட்டார். பிள்ளைகள் அழாத குறை. "இதையும் மேடையில் சொல்லுவோமா மிஸ்?" என்று கேட்டார்கள். கட்டாயம் சொல்லுங்கள் என்றேன். உண்மையான தொழில் என்றால் அதில் விலகிப்போனவரும் இருப்பார்.

இனி, என் கோரிக்கை.

பெற்றோரே, பிள்ளைக்காக எழுதாதீர்கள். பிள்ளை எழுதியதைக் கேளுங்கள்.

கடைக்காரச் சகோதரர்களே, பிள்ளைகள் வந்தால் விரட்டாதீர்கள். உங்கள் பக்கத்துக் கஷ்டத்தையும் சொல்லுங்கள். கடை வாடகை, கரண்ட் பில் எல்லாம் அவர்களும் விளங்க வேண்டும்.

வருகிற சனிக்கிழமை பின்னேரம் பாடசாலை மண்டபத்தில் பிள்ளைகள் முழுதாகப் பேசிப் பார்க்கிறார்கள். தமிழில். வந்து உட்காருங்கள். கடினமான கேள்வி கேளுங்கள். கைதட்டுவதற்கு மட்டும் வர வேண்டாம். இடியப்பம் அவிக்கிற தாய்மாருக்கு முன் வரிசையில் கதிரை போட்டிருக்கிறேன். அவர்கள் தலையசைத்தால் எனக்கு அது முதல் பரிசு.

அந்த மெசேஜை எழுதிய சகோதரிக்கு: உங்கள்மேல் எனக்குக் கோபம் தணிந்துவிட்டது. உங்கள் பிள்ளையும் என் பிள்ளைதான். ஆனால் அந்த மெசேஜை அந்தக் குறூப்பில் இருந்த இன்னொரு தாயும் வாசித்தார். அவர் ஒன்றும் எழுதவில்லை. அடுத்த நாள் மகளின் கையில் எனக்கு ஒரு பை இடியப்பமும் சம்பலும் அனுப்பியிருந்தார். அவருக்கு ஒரு போன் எடுங்கள். அது போதும்.

பிள்ளைகளுக்காக துஆச் செய்யுங்கள்.